எரிக் ஹென்னிங்சன்: தெருவில் தள்ளப்பட்ட குடும்பம்

கேள்வி: டென்மார்க் ஓவியர் ஹென்னிங்சனின் படம் ஒன்று. பனியில் கட்டில், மெத்தை, சட்டிபானை; வாடகைக்கு இருந்த குடும்பம் தெருவில் நிற்கிறது. எந்த ஆண்டு? ஏ3 அளவில் அச்சிட நல்ல கோப்பு கிடைக்குமா?

பதில் 1: 1892. கோபன்ஹேகன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹென்னிங்சன் என்று மட்டும் தேடினால் அண்ணன் ஃப்ரான்ட்ஸின் படங்களும் கலந்து வரும். எரிக் என்று சேர்த்துத் தேடுங்கள். பின்னால் நிற்கும் போலீஸ்காரரைப் பாருங்கள். அவர் இல்லையென்றால் யாரோ வீடு மாற்றுகிற காட்சிதான்!

பதில் 2: கலைக்கூடத்தின் இணையத் தொகுப்பிலேயே இலவசமாக இறக்கலாம். ஓவியர் 1930-இல் இறந்துவிட்டார், காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஏ3-க்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் ஏறக்குறைய 4960 × 3508 பிக்சல் வேண்டும். படத்தின் விகிதம் ஏ3-க்குப் பொருந்தாவிட்டால் வெட்டாதீர்கள், வெள்ளை ஓரம் விடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் போடுங்கள். கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டினால் பனியின் சாம்பல், நீலச் சாயல்கள் வெளுத்துப்போகும். முதலில் சிறு துண்டு அச்சிட்டுப் பாருங்கள்.

பதில் 3: இதோடு அவருடைய ‘காயமடைந்த தொழிலாளி’ (1895), ‘கிளர்ச்சிப் பேச்சாளர்’ (1899) இரண்டையும் பாருங்கள். 1899-இல்தான் டென்மார்க்கில் முதலாளிகளின் மாபெரும் கதவடைப்பு மே முதல் செப்டம்பர் வரை நடந்தது. டூபோர்க் பீர் விளம்பரத்தில் வியர்வை துடைக்கும் குண்டு மனிதரை வரைந்தவரும் இவரே.