புதுப்பிப்பு: பின்பக்க ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன

அப்பாவின் பழைய 5.1 (ஆறு சேனல், அதாவது ஆறு தனித்தனி ஒலித்தடங்கள்) ஆம்ப்ளிஃபையரைப் புதிய டிவியுடன் ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டுமே ஒலிக்கின்றன என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது!

டிவியின் ஒலி வெளியீடு 'பிசிஎம்' (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்றிருந்தது. ஆப்டிகல் வழியாக பிசிஎம் இரண்டு சேனல்கள்தான் போகும். சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் வடிவம் என்றால் ஆறு சேனல்களும் போய்விடும். சுருக்கிய ஒலியை அப்படியே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றினேன். மழைக் காட்சியில் முதுகுக்குப் பின்னால் தூறல் கேட்டது. அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்துவிட்டார்.

குரல் உதட்டசைவைச் சற்று முந்தியது. ஆம்ப்ளிஃபையரில் 40 மில்லிநொடி தாமதம் வைத்ததும் ஒத்துப்போனது.

சவுண்ட்பார் வாங்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. ஆனால் இந்த மரப்பெட்டிகளின் கனத்த ஒலியைக் கைவிட எனக்கு மனமில்லை. தரம் இழக்காமல் சுருக்கும் டால்பி ட்ரூஎச்டி ஒலிக்கு, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியை அனுப்பும் எச்டிஎம்ஐ இ-ஆர்க் இணைப்பு வேண்டும், அதற்கு அவசரமில்லை.