மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீருமா? விவாதம்

திருப்பூர்_மாப்பிள்ளை:
வணக்கம். என் மனைவியின் தம்பிக்காகக் கேட்கிறேன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தான், வேலை போய்விட்டது. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், சில லோன் ஆப் என்று எல்லாம் சேர்த்து 11 லட்சம் நிற்கிறது. இது போக உள்ளூர் ஃபைனான்ஸ் ஒன்றில் 2 லட்சம். அதற்குத் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் இரண்டு கொடுத்திருக்கிறான். ஜாமீன் கையெழுத்து எங்கள் மாமனார். சொந்த வீடு கிடையாது. ஒரு பைக் இருக்கிறது, அதுவும் பழசு. "ஐ.பி. கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், அதாவது கோர்ட்டில் திவால் மனு போட்டு மஞ்சள் நோட்டீஸ் அனுப்புவது. கொடுக்கலாமா?

ரிட்டயர்டு_மேனேஜர்:
வேண்டாம். வங்கியில் கடன் வசூல் பிரிவிலேயே பாதி சர்வீஸை முடித்தவன் என்பதால் சொல்கிறேன். கார்டு கடனுக்கும் பர்சனல் லோனுக்கும் அடமானம் இல்லை. வங்கி ஒரு கட்டத்தில் தானே இறங்கி வரும். மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசினால் வட்டி, அபராதம் எல்லாவற்றையும் விட்டு அசலிலும் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். அங்கே எழுதும் உடன்பாடு சிவில் கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஐ.பி. என்றால் வருஷக்கணக்கில் வாய்தா. கல்யாணமாகாத பையனாக இருந்தால் பெண் வீட்டுக்காரர்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான்.

ஈரோடு_வக்கீல்:
மேனேஜர் சார் வங்கிப் பக்கம் நின்று பேசுகிறார், தப்பில்லை. ஆனால் செட்டில்மென்ட்டுக்குக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். வேலையில்லாதவன் 4 லட்சத்துக்கு எங்கே போவான்? அக்கா நகையைத்தான் வைப்பான்.

சட்டம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2016-ல் வந்த புதிய திவால் சட்டம் சாதாரணத் தனிநபருக்கு இன்னும் அமலாகவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்றும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909 சட்டம், ஹைகோர்ட்டில் போட வேண்டும். மாவட்டங்களுக்கு 1920 சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம் என்கிறது, அந்தக் காலத்து 500! திவால் என்று கோர்ட் அறிவித்துவிட்டால் கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. சொத்து அபிஷியல் ரிசீவர் என்ற கோர்ட் அதிகாரி கைக்குப் போகும். கைதிலிருந்தும் பாதுகாப்பு கேட்கலாம். சொத்தே இல்லாதவனுக்கு இதில் என்ன நஷ்டம்?

வரவு_செலவு:
என்ன நஷ்டமா? வக்கீல் சார், நான் சின்ன அளவில் ஃபைனான்ஸ் நடத்துகிறவன். லைசன்ஸ் இருக்கிறது. என்னிடம் 5 லட்சம் வாங்கியவர் வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிட்டு மறு வருஷம் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பினார். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் இருபதுக்கு மேல் பெயர்கள். பாதிப் பேர் அவருடைய பங்காளிகள்! அதே தெருவில் புது பைக்கில் போகிறார், என்னைப் பார்த்து வணக்கம் வேறு வைக்கிறார். இதற்குப் பெயர் நிவாரணமா?

ஈரோடு_வக்கீல்:
அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த 1920 சட்டத்தின் 53-வது பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. திவால் ஆவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை கோர்ட் ரத்து செய்யலாம். பொய்க் கடன் காட்டினாலும் சொத்தை மறைத்தாலும் ஜெயில் தண்டனை உண்டு. நீங்கள் கோர்ட்டில் ஆஜராகி ஆட்சேபம் சொன்னீர்களா?

வரவு_செலவு:
5 லட்சத்துக்காக எத்தனை வாய்தாவுக்குக் கடையை மூடிவிட்டுப் போவது? யாருமே வரமாட்டோம் என்று தெரிந்துதானே நோட்டீஸ் அனுப்புகிறார்கள்.

ஈரோடு_வக்கீல்:
அதைச் சட்டத்தின் குறை என்று சொல்லாதீர்கள். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை ஜெயில். அதில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள்? அங்கேயும் இதே பதில்தான், யார் அலைவது என்று.

நியூஜெர்சி_தமிழன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே அமெரிக்கத் திவால் சட்டத்தில் சாப்டர் 7 என்று இருக்கிறது. மனு போட்ட நிமிஷமே வசூல் போன் எல்லாம் நிற்க வேண்டும். சிக்கல் இல்லாத கேஸ் சுமார் நாலு மாதத்தில் முடியும், கார்டு கடன் அதோடு போய்விடும். கிரெடிட் ரிப்போர்ட்டில் 10 வருஷம் கிடக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் ஏன் இதைக் குடும்ப மானத்தோடு முடிச்சுப் போடுகிறோம்?

ரிட்டயர்டு_மேனேஜர்:
தம்பி, இங்கே அப்படி ஒன்றைக் கொண்டுவரத்தான் 2016 சட்டத்தில் 'புதிய தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம் எழுதினார்கள். தகுதியைப் பாருங்கள். வருஷ வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக்கூடாது. அமலுக்கே வராத சட்டம். வந்தாலும் இந்த வரம்போடு வந்தால் 11 லட்சம் வைத்திருக்கும் நம் பையன் அதன் வாசலில்கூட நிற்க முடியாது. அதனால் அமெரிக்கக் கதை வேண்டாம்.

வக்கீல் சார் ஒன்றை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டார். கடனாளி கடனிலிருந்து விடுதலை வாங்கினாலும் ஜாமீன்தார் விடுதலை ஆகமாட்டார். பையன் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த மறுநாள் ஃபைனான்ஸ்காரர் நேராக மாமனார் வாசலில் வந்து நிற்பார். செக் கேஸும் நிற்காது, அது கிரிமினல்.

ஈரோடு_வக்கீல்:
தாண்டவில்லை சார், அதற்குத்தான் வருகிறேன். வெற்று செக் என்று வாதாடித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், மீதியை யார் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்த செக் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்தான். செக் திரும்பினால் பாயும் 138-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை தண்டனை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் கார்டு கடனுக்கு "போலீஸ் வரும்" என்று போனில் மிரட்டுவது சுத்தப் பொய். பணம் இல்லாததால் கட்ட முடியாதவனை டிகிரி கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர். இருந்தும் கட்டாமல் ஏய்ப்பவன் கதை வேறு. நாளைக்கு வேலை கிடைத்து சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பி.எஃப். பணத்தைத் தொடவே முடியாது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முதலில் வங்கிக்கே எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேன்.

திருப்பூர்_மாப்பிள்ளை:
ரொம்ப நன்றி. வங்கிக்காரர் "2,000 ரூபாயாவது கட்டு, கணக்கு உயிரோடு இருக்கும்" என்கிறார். கட்டலாமா?

ஈரோடு_வக்கீல்:
கட்டாதீர்கள். கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலக்கெடு. கெடு முடிவதற்குள் கொஞ்சம் கட்டி அதற்கு எழுத்தில் அத்தாட்சி இருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம். உயிரோடு இருக்கும் என்று அவர் சொல்வது அதைத்தான்.

ரிட்டயர்டு_மேனேஜர்:
வக்கீல் புத்தி! கெடு முடியும்வரை வங்கி தூங்கும் என்றா நினைக்கிறீர்கள்? அதற்கு முன்பே வழக்குப் போட்டுவிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வந்தவனுக்குத்தான் செட்டில்மென்ட் கமிட்டியில் நான் வாதாடியிருக்கிறேன். போனையே எடுக்காதவனுக்காக யார் பேசுவார்கள்? அப்புறம் சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டியது) என்றுதான் விழும், 'க்ளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று விழாது. அதையும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

திருப்பூர்_மாப்பிள்ளை:
நீங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை என்று தெரிகிறது :) ஒரு விஷயம், ஃபைனான்ஸ்காரர் ஒரு செக்கை பேங்கில் போட்டுவிட்டார், திரும்பிவிட்டது. நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஈரோடு_வக்கீல்:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான். அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் 138 கேஸே போட முடியாது. கார்டு, ஆப் எல்லாம் காத்திருக்கட்டும், இருக்கிற பணத்தை இங்கே போடுங்கள். மாமனாரும் தப்பிப்பார். ஐ.பி. பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ரிட்டயர்டு_மேனேஜர்:
இதில் மட்டும் வக்கீல் கட்சிதான் நானும்.

வரவு_செலவு:
ஃபைனான்ஸ்காரன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். பணமாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்புங்கள். மொத்தக் கணக்கும் முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். புரோநோட்டு, திரும்பிய செக், இன்னும் போடாத அந்த இரண்டாவது செக், மூன்றையும் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.