படுகளத்தை விட்டுட்டு நிலத்தை விக்கறது எப்படி? குரூப்புல பேசினது

*ஊர்ச் சொந்தங்கள் – பெங்களூரு*

*பிரபு:* நம்ம ஊர் பூர்வீக நிலத்துக்குக் கிரய டிராஃப்ட் வந்திருச்சு. 2 ஏக்கர் 30 சென்ட்டையும் ஒரே அயிட்டமா எழுதியிருக்காங்க. பாரதக் கூத்துல துரியோதனன் சாயற நம்ம படுகளத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. "கூத்து நடக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்"னு வாங்குறவர் வாயால சொல்றார்.

*முருகேசன்:* அவர் நல்ல மனுஷன்தான். நாளைக்கு அவர்கிட்ட வாங்குறவன் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துட்டா துரியோதனனை எங்க படுக்க வைக்கறது? களத்தை முதல்ல வெளிய எடுக்கணும், அப்புறம்தான் கிரயம்.

*செல்வி:* இன்னொரு விஷயம் சித்தப்பா. டிராஃப்ட்ல "2.30"ன்னு மட்டும் போட்டிருக்கு. கர்நாடகா பஹணியில (அவங்க நில ஆவணம்) 2.30ன்னா 2 ஏக்கர் 30 குண்டே. 40 குண்டே ஒரு ஏக்கர், அப்ப அது 2 ஏக்கர் 75 சென்ட்! பெங்களூரு ஆளுக்கு 45 சென்ட் கூடுதலாத் தெரியும், அளக்கும்போது சண்டை வரும். பட்டாவுல இருக்கற மாதிரி 0.93.0 ஹெக்டேர்னு போட்டு, பக்கத்துல சென்ட்டை எழுத்தால எழுதச் சொல்லு பிரபு.

*பிரபு:* சரிக்கா. களத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்? 5 சென்ட் போதாதான்னு புரோக்கர் கேக்கறார்.

*நாகராஜ்:* 5 சென்ட்னா 2,178 சதுர அடி மாப்ள. மண்ணுல செய்யற துரியோதனன் உருவமே நம்ம பக்கம் 30 அடி நீளம். அதைச் சுத்தி பீமன் கதையோட ஓடணும், துரியோதனன் வேஷக்காரர் தப்பிச்சு ஜனத்துக்குள்ள பாயணும், ஜனம் சிதறி ஓடி மறுபடி கூடணும். உருவத்துக்கு நாலு பக்கமும் 20 அடியாவது காலி வேணும். ராத்திரிக் கூத்தாடற களரி, வேஷம் கட்டற கொட்டாய், தபசு மரம், அக்னிகுண்டம் எல்லாம் சேர்ந்தா 100க்கு 80 அடி. அதுவே 18 சென்ட் தாண்டுது. 18½ன்னு வை.

*நாகராஜ்:* தபசு மரம் நடற குழிக்கு மேல ஈபி லைன் போகவே கூடாது. அர்ச்சுனன் உச்சியில நின்னு எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசற இடம் அது. புது போர்வெல்லுக்குக் கம்பம் போடறப்பக் குறுக்க இழுத்துட்டா கூத்துல அந்த ஒரு ராத்திரியே போச்சு. லைன் களத்து ஓரமா வரணும்னு கிரயத்துலயே ஷரத்து போடணும்.

*முருகேசன்:* மச்சான் சொல்றது சரி. மாங்கன்னு வைக்கறதா இருந்தாலும் களத்து எல்லையில இருந்து 15 அடி தள்ளி வைக்கச் சொல்லணும். கிளை விரிஞ்சு உள்ள வந்துரும்.

*செல்வி:* களத்தை யார் பேர்ல வைக்கறது? நாட்டாமை பேர்லயா?

*முருகேசன்:* தனி ஆள் பேர்ல வேண்டவே வேண்டாம். அவர் காலத்துக்கு அப்புறம் வாரிசுங்க பட்டா கேப்பாங்க. திரௌபதி அம்மன் கோயில் பேர்ல தானப் பத்திரம். கோயில் சார்பா தர்மகர்த்தா "ஏற்றுக்கொண்டேன்"னு கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சி, கட்டாயம் ரிஜிஸ்டர். கோயில் சொத்தாயிட்டா 1959 அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாம விக்க முடியாது. நமக்கு வேண்டியது அதுதான்.

*முருகேசன்:* வரிசை மாறக் கூடாது. தனியா ஒரு சர்வேயரை வெச்சு அளந்து வரைபடம். அதை இணைச்சுத் தானப் பத்திரம். அப்புறம் உட்பிரிவோட பட்டா மாறுதலுக்கு மனு. தாலுகா சர்வேயர் வந்து கல் நட்டு எஃப்.எம்.பி.யில (புல வரைபடம்) கோடு போடுவார். மீதி நிலத்தைப் புது உட்பிரிவு எண்ல கிரயம் பண்ணணும். முதல்ல மொத்தத்தையும் வித்துட்டு "களத்தைப் பின்னால எழுதித் தர்றேன்"னு அவர் சொன்னா ஒத்துக்காதீங்க. அப்ப எழுதித் தர வேண்டியவர் அவர், நம்ம கையில எதுவும் இல்ல.

*பிரபு:* கையெழுத்து யார் யார் சித்தப்பா?

*முருகேசன்:* வாரிசுச் சான்றுல இருக்கற எல்லாரும், ரெண்டு அத்தைங்களும் சேர்த்து. 2005 திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்கு. அவங்க கையெழுத்து இல்லாம தானமும் நிக்காது, கிரயமும் நிக்காது.

*செல்வி:* வழியை மறந்துட்டோமே. களம் நடுவுல இருக்கு. சுத்தி வித்துட்டா தேர், விறகு வண்டி எப்படிப் போகும்?

*நாகராஜ்:* சபாஷ் செல்வி. ரோட்டுல இருந்து களம் வரைக்கும் 12 அடி மாமூல் வண்டித்தட பாத்தியம், அகலம் நீளத்தோட கிரயத்துலயும் வரைபடத்துலயும் வரணும். வெறும் "வழிநடை"ன்னு எழுதினா நடந்து போக மட்டும்தான்னு வாதாடுவாங்க.

*பிரபு:* உட்பிரிவு முடியறதுக்குள்ள யாராவது தடுத்தா?

*முருகேசன்:* ஊர் ஜனத்தோட வழக்க உரிமைன்னு கோர்ட்டுக்குப் போகலாம். 1882 வசதியுரிமைச் சட்டம் அந்த மாதிரி உரிமையைத் தொடல. ஆனா பழமையானது, விடாம நடக்குது, நியாயமானது, இடம் இன்னதுன்னு திட்டமா இருக்குன்னு நாமதான் நிரூபிக்கணும். பக்கத்து நிலத்துக்காரங்க பழைய பத்திரத்துல செக்குபந்தி (நாலு பக்க எல்லை) பாருங்க. "படுகளத்துக்கு மேற்கு"ன்னு ஒரு வரி இருந்தா அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ரொம்பப் பழைய வில்லங்கம் ஆன்லைன்ல வராட்டி, சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டுத் தேடணும்.

*நாகராஜ்:* கூத்து நோட்டீஸ், ஊர் வரி வசூல் நோட்டு, மைக் செட்டுக்கு ஸ்டேஷன்ல வாங்கின அனுமதி எல்லாம் வருஷ வாரியா அடுக்குங்க. 2020, 2021 விட்டுப் போனது கொரோனாத் தடையாலன்னு ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கங்க. நாமளா கைவிட்டோம்னு எதிர்த்தரப்பு சொல்லக் கூடாது.

*செல்வி:* வாங்குறவர் கன்னடக்காரர். படுகளம்னா என்னன்னு புரியலைன்னா பெங்களூரு திகளர்பேட்டை தர்மராயர் கோயில் கரகத்தைச் சொல்லு பிரபு. அவங்க சைத்ர மாசப் பௌர்ணமிக்கு அங்க கரகமா வர்ற அதே திரௌபதிதான் நம்ம ஊர்ல கூந்தல் முடியறான்னா உடனே பிடிச்சுக்குவார்.

*பிரபு:* இன்னிக்கே பேசறேன். டிராஃப்ட்டைத் திருப்பி அனுப்பிட்டேன். அட்வான்ஸைப் பணமாத் தர்றேங்கறார்.

*முருகேசன்:* வாங்காதே. நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரியில அதே தொகைக்கு அபராதம். பேங்க் வழியா மட்டும்.

*நாகராஜ்:* பழைய நோட்டீஸ் யார்கிட்ட இருந்தாலும் லேமினேட் பண்ணிடாதீங்க. அசல் தாளா இருக்கட்டும், ரெண்டு செட் ஜெராக்ஸ் போதும்.