மணிக்கட்டு வலி: உங்களுக்கு எந்த விரல் மரத்தது?

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

எனக்கு 23 வயது. கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருந்த எட்டு மாதமும் பகலில் அப்பாவின் கொலுசுப் பட்டறை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் வேலோரண்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என்று ஓடியது. விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை ஆடுவேன். ஐந்து பேர் சேர்ந்து குழு வைத்திருந்தோம். போட்டிகளில் இறங்க வேண்டும் என்று நிஜமாகவே உழைத்தோம். அதனால் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தபோது, பயிற்சி எடுத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

சொல்லப்போனால் முதலில் வந்தது வலிகூட இல்லை. தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிவிடும், திரும்பத் தூங்கிவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள் காலை அம்மா காபி கொடுத்தார். இடது கையில் டவரா, வலது கையில் டம்ளர். விரல்கள் டம்ளரைப் பிடித்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன். சூடாகக் காபி பாதத்தில் கொட்டிய பிறகுதான் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கை ஈரமாக இருந்தது என்று அம்மாவிடம் சமாளித்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் "முதல்ல அந்தக் கேமை நிறுத்து" என்றுதான் வரும் என்று தெரியும். இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் இதுதான். நம்மில் நிறையப் பேர் வலியைவிட அந்தப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறோம். மறைத்த மூன்று மாதத்தில் நான் செய்தவை எல்லாம் தப்பு. மருந்துக்கடையில் நானே கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன், வயிறு எரிந்தது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் தடவி மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வழித்தார். அன்று ராத்திரி முழுக்க விரல்களில் ஊசி குத்தியது. உள்ளே நசுங்கிக்கிடந்த நரம்பை மேலும் நசுக்கக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கண்டுபிடித்தது அப்பாதான். பட்டறையில் திருகாணியைச் சாமணத்தில் பிடித்துக் கொலுசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை நழுவி விழுந்தது. வெள்ளி வேலையில் கீழே சிந்தின பொடிக்கும் கணக்கு உண்டு, திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "கையைக் காட்டு" என்றார்.

"எந்த வெரலுடா மரத்துப்போகுது?"

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றேன்.

"சுண்டு வெரலு?"

"அது நல்லாத்தாம்ப்பா இருக்கு."

"ராத்திரியிலதான் சாஸ்தியா இருக்குமே? உதறினா விட்டுடும்?"

யாரிடமும் சொல்லாத விஷயத்தைப் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தவர் மாதிரி சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. கேமைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் மறுநாள் டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் முதலில் என்னை இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்கும்படி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள்ளேயே நடுவிரல் சுருசுருவென்று வந்துவிட்டது. பிறகு நரம்புப் பரிசோதனை. கையில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கடத்துகிறது என்று அளக்கிறார்கள். சுரீர் என்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். எனக்கு வந்தது கார்பல் டனல், ஆரம்ப நிலை.

அவர் காகிதத்தில் வரைந்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கின்றன. அதன்மேல் கெட்டியான ஒரு நார்ப்பட்டை மூடியிருக்கிறது. அந்தக் குறுகிய வழியில் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. எங்கள் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு லோடு ஆட்டோ வந்துவிட்டால் நடுவில் சைக்கிள்காரர் என்ன பாடுபடுவாரோ, அதுதான் அந்த நரம்பின் நிலைமை. நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலும், மணிக்கட்டை மடித்தே வைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குத்தான் உணர்ச்சி கொடுக்கிறது. சுண்டுவிரல் தப்பிப்பது அதனால்தான். தூங்கும்போது நாம் அறியாமல் மணிக்கட்டை மடித்துக்கொள்கிறோம், ராத்திரியில் மரப்பது அதனால்.

ஆறு வாரம் ராத்திரியில் மட்டும் போட்டுக்கொள்ள, உள்ளே தகடு வைத்த பட்டை கொடுத்தார். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும். இரண்டாவது வாரமே தூக்கத்தில் எழுவது நின்றது. இதைப் போட்டுக்கொண்டு ஆடலாமா என்று கேட்டேன். பட்டையை எதிர்த்து மல்லுக்கட்டி மவுஸைத் திருப்பினால் தோளும் முழங்கையும் சேர்ந்து கெடும், வேண்டாம் என்றார்.

ஆட்டத்தை முழுசாக விடச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். மூன்று வாரம் நிறுத்தி, பிறகு நாளுக்கு அரை மணியில் தொடங்கி ஏற்றச் சொன்னார். அதைவிட முக்கியமாக, எப்படி உட்கார்ந்து ஆடுகிறேன் என்று போட்டோ எடுத்துவரச் சொன்னார். அதைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது. உயரமான இரும்பு மேசை, தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி. முழங்கை மேசைக்குக் கீழே தொங்குகிறது, மணிக்கட்டு மேசை விளிம்பில் பதிந்து பின்பக்கமாக வளைந்திருக்கிறது. நாலு வருடம் அப்படியே ஆடியிருக்கிறேன்! புது நாற்காலி வாங்கக் காசில்லை. நாற்காலியில் கெட்டித் தலையணை ஒன்றைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை, அம்மாவின் பழைய மணைப்பலகையைக் காலுக்கு வைத்துக்கொண்டேன். முழங்கை மேசை மட்டத்துக்கு வந்துவிட்டது. கீபோர்டின் பின்கால்களையும் மடக்கிவிட்டேன், அவை தூக்கி நின்றால் மணிக்கட்டு இன்னும் வளையும்.

அடுத்தது மவுஸ் வேகம். மவுஸின் டிபிஐ (கை கொஞ்சம் நகர்ந்தால் குறி எவ்வளவு தூரம் ஓடும் என்கிற அளவு) 1600, ஆட்டத்துக்குள் இருக்கிற வேக அளவு 0.8 என்று வைத்திருந்தேன். ஆட்டத்தில் என் ஆள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். கை அசையாமல் மணிக்கட்டு மட்டும் வெட்டிவெட்டித் திரும்பும். 800-க்கும் 0.3-க்கும் இறக்கினேன். இப்போது அதே சுற்றுக்கு ஐம்பத்துநாலு சென்டிமீட்டர் வேண்டும், முழங்கையிலிருந்து கை முழுக்க நகர்ந்தால்தான் முடியும். முதல் பத்து நாள் எதிரி முதுகுக்குப் பின்னால் வந்தாலும் திரும்ப முடியாமல் செத்தேன். தரவரிசையில் கீழே போனேன், மனசு விட்டுப்போனது. ஆனால் ஒரு மாதத்தில் குறி முன்னைவிட நிதானமாக நின்றது.

ஆட்டத்தில் பெரும்பாலான சண்டைச் சுற்றுகளுக்கு முன்னால் ஆயுதம் வாங்க 30 விநாடி இருக்கிறது. வாங்கி முடித்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்து, விரல்களை நீட்டி மடக்கி, தொடைமேல் போட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தில் என் ஆள் செத்துப்போனாலும் கையை எடுத்துவிடுவேன். ஆட்டம் சூடாக இருக்கும்போது மவுஸை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அந்த 30 விநாடியில்தான் தெரிந்தது. நகக்கண் வெளுத்திருக்கும்.

உங்களுக்கும் வலி இருந்தால் எந்த விரல், எந்த நேரம், என்ன செய்யும்போது என்று எழுதுங்கள்.

ஏற்காடு

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் புறங்கைச் சோதனையைச் செய்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வலி வேறு.

நான் ஆடுவது போனில், பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். 2021-இல் அது வந்ததிலிருந்து ஆடுகிறேன். எங்கள் எஸ்டேட் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் வெளியே வேலை கிடையாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தபடியே ஆடுவோம். போனின் கனம் முழுக்க உள்ளங்கையிலும் சுண்டுவிரலிலும் நிற்கும், இரண்டு கட்டைவிரலும் ஓயாமல் ஓடும்.

எனக்கு மரத்துப்போகவே இல்லை. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், சுருக்கென்று கத்தி வைத்த மாதிரி ஒரு வலி. அது முதலில் தெரிந்தது சாப்பிடும்போது. சாதத்தைப் பிசைந்து நாலு விரலில் எடுத்துவிடலாம், வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல்தானே? அந்தத் தள்ளுதலில் உயிர் போனது. ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டேன். மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கப் போனால் காம்பைத் திருகவும் அதே விரல். வண்டியில் சேலத்துக்கு இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு தள்ளிப்போட்டவனை டாக்டரிடம் போக வைத்தது அந்த இறக்கம்தான், ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை.

இதற்கு டி குவெர்வேன் என்று பெயர். 1895-இல் இதை எழுதிவைத்த சுவிஸ் நாட்டு மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை விரிக்கிற இரண்டு நாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் நாண் உரசும். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அந்த ஓரத்தில் சுரீர் என்றால் சந்தேகப்படலாம். பலமாகச் சாய்க்க வேண்டாம், நான் செய்துவிட்டு அரை நாள் துடித்தேன். கைக்குழந்தையை அடிக்கடி தூக்குகிற தாய்மார்களுக்கு இது நிறைய வரும் என்று டாக்டர் சொன்னார். என் அக்கா பிரசவத்துக்குப் பிறகு "கை வலி, கை வலி" என்று அழுததை நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது இன்றுவரை மனசில் உறுத்துகிறது.

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை, ஓர் ஊசி, மூன்று வாரம் ஆட்டமில்லை. இப்போது போனைக் கையில் தூக்கி ஆடுவதில்லை, மேசையில் தாங்கி வைத்து ஆடுகிறேன். இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்காக: குளிரில் விறைத்த கையோடு தொடங்காதீர்கள். நான் முதலில் வெந்நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை, சேலம்

எனக்கு 41 வயது. நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் கற்றுக்கொண்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை இன்றைக்கும் விடவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அந்த ஆட்டம் ஆடினவர்களுக்குத் தெரியும், கிளிக் கிளிக் என்று ஓயாது.

எனக்கும் செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு வந்த அதே மூன்று விரல், அதே ராத்திரி நேரம். வீட்டுக்காரர், மாமியார், கடை முதலாளி எல்லாரும் "கம்ப்யூட்டர்தான்" என்று முடிவு கட்டினார்கள். நானும் நம்பி இரண்டு மாதம் ஆட்டத்தை விட்டேன். குறையவில்லை.

ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. மவுஸே பிடிக்காத இடது கையும் மரத்தது. நான் போய்ப் பார்த்த டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் கையை விட்டுவிட்டு, உடம்பு கனம் கூடியிருக்கிறதா, முடி கொட்டுகிறதா, எப்போதும் அசதியா என்று கேட்டார். எல்லாம் ஆமாம்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் இரண்டு கையும் பெரும்பாலும் சரி. சர்க்கரை இருப்பவர்களுக்கும் கர்ப்பமாக இருக்கும்போதும் இப்படி வரலாம் என்றார். இரண்டு கையும் மரத்தால், வயது என்னவானாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்கிற ஒரே காரணத்தோடு நின்றுவிடாதீர்கள் தங்கச்சிகளா.

சூரமங்கலம், சேலம்

எனக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான். மணிக்கட்டில் ஒன்றுமில்லை, கோளாறு முழங்கையில். இடது முழங்கையை மேசையின் கூர்மையான விளிம்பில் ஊன்றியே ஆடுவேன். இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அங்கேதான் தோலுக்கு அடியில் போகிறது. பழைய துண்டை நாலாக மடித்து விளிம்பில் கட்டினேன், ஊன்றுவதையும் விட்டேன். இரண்டு மாதம் ஆனது சரியாக.

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவருக்கும் தைராய்டு பார்க்கப் போகிறோம். ஏற்காட்டு அண்ணா, அந்த முஷ்டிச் சோதனையில் எனக்கு வலி இல்லை.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று போன வாரம்தான் கேட்டேன். பதில் சொல்லாமல் வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நமக்கெல்லாம் சதை மேடாக இருக்குமே, அவருக்கு அந்த இடம் வற்றிப்போய்க் குழிந்திருக்கிறது. முப்பது வருடம் சாமணமும் குறடும் பிடித்த கை. பத்து வருடமாக ராத்திரியில் எழுந்து உதறிக்கொண்டிருக்கிறார். சொன்னால் பட்டறையை மூடச் சொல்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

அதே டாக்டரிடம் இந்தத் தடவை நான் அவரை அழைத்துப்போனேன். அவருக்குப் பட்டை போதாது, அந்த நார்ப்பட்டையை வெட்டிவிட்டு நரம்புக்கு வழி செய்ய வேண்டும். மரத்தது குறையும், வற்றிய சதை திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வருகிற புதன்கிழமை அறுவை சிகிச்சை. அதுவரை என் பட்டையைத்தான் ராத்திரியில் போட்டுக்கொண்டு தூங்குகிறார்.