மறு: ரேடியேட்டருக்குக் ‘கதிர்வீச்சி’ சரியா?

அன்புள்ள ஐயா,

> ரேடியேட்டர் – கதிர்வீச்சி. அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் – தரையடி வெப்பமூட்டல். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம் என்பேன். வீட்டு அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடவிடும் தகட்டுக் கருவிக்கு ரேடியேட்டர் என்கிற பெயரே பாதிப் பொய். ஜெர்மனியில் நாங்கள் முன்பு இருந்த வீட்டில் அது சன்னலுக்குக் கீழே நின்றது. திருகிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மேலே தொங்கும் திரைச்சீலை ஆடத் தொடங்கும். காற்றைச் சுடவைத்து மேலே அனுப்புவதுதான் அதன் முதல் வேலை. இரண்டு தகடுகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாகத் தகரம் வைப்பதும் அதற்குத்தான். சூடெல்லாம் தலைக்கு மேலே போய்விடும், கால் சில்லென்றே கிடக்கும். கதிர்வீச்சால் கூடுதலாகச் சூடு தருவது அடியில் வெந்நீர்க் குழாய் பதித்த தரைதான்! ஜெர்மன்காரர்கள் இந்த வம்பே இல்லாமல் ‘ஹைட்ஸ்கோர்ப்பர்’, அதாவது சூட்டு உடம்பு, என்று வைத்துக்கொண்டார்கள்.

‘தரையடி வெப்பமூட்டல்’ பொருளில் குறையில்லை, ஆனால் வாயில் நிற்காது. போதாததற்கு, வெப்பம் என்றால் நமக்கு வேர்வைதான் ஞாபகம் வரும். குழாயில் ஓடும் நீர் 35–45 பாகை இருந்தால் போதும். பழைய ரேடியேட்டர் 60–70 கேட்கும். ஆள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி இ.என். 1264. உடம்புச் சூட்டைவிடக் குறைவு. இதற்குக் குளிர்காயும் நெருப்பைச் சொல்லும் ‘கணப்பு’ என்ற சொல் கையிலேயே இருக்கிறதே. நெடுநல்வாடையின் ‘தடவு’ம் கணப்புச் சட்டிதான், ஆனால் ‘தரைத்தடவு’ என்றால் தைலம் தேடுவார்கள்.

ஆகவே தரைக்கணப்பு. (ஆள் மகா சோம்பேறி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமெண்டுத் தளம் சூடேற மணிக்கணக்காகும். மாலையில் திருகினால் படுக்கப்போகும்போதுதான் தெரியும்.)

> அப்படியானால் ரேடியேட்டர் ‘சுவர்க்கணப்பு’ ஆகுமா?

ஆகாது. சுவருக்குள்ளேயே குழாய் பதிக்கும் முறையும் இங்கே உண்டு. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம். ‘கணப்புப் பலகை’ என்று முதலில் நினைத்தேன். குளியலறையில் துண்டு காயப்போடும் ஏணி மாதிரியான ரேடியேட்டரைப் பார்த்ததும் கைவிட்டேன். ‘கணப்பி’ போதும்.

வீட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று. முன்பெல்லாம் இட்லி மாவை ரேடியேட்டர் ஓரம் வைப்போம். சூடு பட்ட பக்கம் மட்டும் பொங்கி நிற்கும். இப்போது துண்டைச் சுற்றித் தரையிலேயே வைக்கிறோம். நேற்று ராத்திரி “மாவைக் கணப்புல வெச்சியாம்மா?” என்றேன். மகள் “எங்கே?” என்று கேட்கவில்லை.

தண்ணீர் பல குழாய்களாகப் பிரிகிற அந்தச் சுவர்ப்பெட்டிக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘பகிர்குழல்’ என்று ஒருவர் தந்தது எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமாவது வேறு இருக்கிறதா?

அன்புடன்