ஹோம்ஸ் ஸ்டீரியோஸ்கோப்: வில்லைகளைத் துடைத்து மாட்டிய பின் படம் ஒன்றுசேரவில்லை

கேள்வி:
வணக்கம். மரச் சட்டமும் அலுமினிய முகக்கூடும் கொண்ட ஹோம்ஸ் வகை ஸ்டீரியோஸ்கோப் (அட்டையில் அருகருகே உள்ள இரு படங்களை இரு கண்களுக்கும் ஒன்றாக்கி முப்பரிமாணமாகக் காட்டும் கருவி) ஒன்றைப் பாஸ்டனுக்கு அருகே ஒரு பழம்பொருள் சந்தையில் சென்ற மாதம் வாங்கினேன். அப்போது நயாகரா அட்டையில் அருவிக்கு முன்னால் பாறை தனித்து எழுந்து நின்றது. ஓரங்களில் மட்டும் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கரை தெரிந்தது. வலப்பக்கம் சற்று மங்கலாக இருந்ததை அட்டையின் கறை என்று எண்ணிவிட்டேன். உட்புறத் தூசியை அகற்ற இரு வில்லைகளையும் கழற்றித் துடைத்து மாட்டியதிலிருந்து, அட்டையை எங்கே நகர்த்தினாலும் படங்கள் விலகியே நிற்கின்றன, நெற்றியும் வலிக்கிறது. வில்லைகள் தரமற்றவையா? கடையில் கிடைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் இரண்டை மாட்டலாமா?

பதில் 1:
வில்லைகளை இடம் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. அவை வெறும் குவிவில்லைகள் அல்ல, பட்டகமும் (ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடி) சேர்ந்தவை. விரலால் தடவினால் ஒரு விளிம்பு தடித்தும் எதிர் விளிம்பு மெலிந்தும் இருக்கும். தடித்த விளிம்பு காதுப் பக்கமும் மெல்லிய விளிம்பு மூக்குப் பக்கமும் வர வேண்டும். நம் கண்களுக்கு இடையே ஏறத்தாழ 64 மி.மீ. இடைவெளிதான் உண்டு, அட்டையிலுள்ள இரு படங்களின் மையங்களோ பெரும்பாலும் அதைவிட அகன்று நிற்கும். அந்த மிகுதியைப் பட்டகம் படங்களை உள்நோக்கி நகர்த்திக் காட்டிச் சரிசெய்கிறது. மாற்றி மாட்டினால் அவை வெளிநோக்கி நகர்வதால், கண்கள் எதிரெதிர்ப் புறமாக விரிய வேண்டியிருக்கும். அது கண்ணால் ஆகாத வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மையம் கண்ணுக்கு நேராக இருக்கும்படி மாட்டினால் இந்த நகர்வே கிடைக்காது, ஆகவே அது வேண்டாம்.

நிறக்கரையைக் குறை என்று கொள்ளாதீர்கள். ஒற்றைக் கண்ணாடியில் பட்டகமும் இருந்தால் ஒளி பிரியத்தான் செய்யும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. தடித்த விளிம்புகள் இரண்டும் மூக்குப் பக்கமே இருந்தன. மாற்றியதும் படங்கள் அருகே வந்தன, ஆனால் இடப்பக்கப் படம் ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. வலக்கண் மங்கலும் தீரவில்லை.

பதில் 2:
மேல்கீழ் விலகலுக்குக் காரணம் வில்லை தன் இடத்தில் சற்றுத் திரும்பியிருப்பதே. பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு சமாளிக்கும், மேல்கீழ் விலகலைப் பொறுக்காது. உங்கள் தலைவலியில் அதற்கும் பங்கு இருக்கும். வெள்ளைத்தாளில் ஒரு கிடைக்கோடு வரைந்து, அதன் மேல் வில்லையைப் பிடித்து நடுப்பகுதி வழியாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் தெரியும் கோடு வெளியே உள்ள கோட்டோடு முறியாமல் சேரும்வரை திருப்பி, மேல் விளிம்பில் பென்சிலால் குறியிட்டு, தளர்வாக இருந்தால் மெல்லிய தாள் துண்டை இடுக்கி மாட்டுங்கள். பசை வேண்டாம்.

மங்கலுக்குக் குவியத் தொலைவை அளந்து பாருங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு தாளை ஒட்டி, தொலைவிலுள்ள மரம் அதில் தெளிவாக விழும் இடத்தில் தாளுக்கும் வில்லைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
கோடு சேர்ந்தது, பாறையும் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆனால் இடது 19 செ.மீ., வலது 21.5 செ.மீ. வெள்ளைத்தாளின் மேல் வைத்தால் இடதின் விளிம்பு பச்சை சாய்ந்தும் வலது நிறமற்றும் தெரிகின்றன.

பதில் 2:
அப்படியானால் எப்போதோ யாரோ வலப்பக்க வில்லையை மாற்றியிருக்கிறார்கள்; ஒரு கண்ணுக்குத் தெளிவாக அட்டையை நிறுத்தினால் மற்றது மங்கும். 1849இல் வில்லை ஸ்டீரியோஸ்கோப்பை முன்வைத்த டேவிட் புரூஸ்டர் ஒரே வில்லையை இரண்டாக வெட்டிப் பயன்படுத்தச் சொன்னதற்கு, இரு பக்கக் குவியத் தொலைவும் பொருந்த வேண்டும் என்பதே காரணம். ஒற்றை வில்லையைத் தேடி அலையாதீர்கள். ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெறவில்லை, அதனால் பலரும் செய்து விற்றார்கள். கைப்பிடி உடைந்த, சட்டம் விரிந்த கருவிகள் மலிவாகவே கிடைக்கும். அப்படி ஒன்றை வாங்கி ஜோடியாகவே மாற்றுங்கள், ஆனால் வாங்குமுன் உங்கள் சட்டத்தில் வில்லை அமரும் குழியின் அளவை எடுத்துச் செல்லுங்கள். விளிம்பில் சிறு சில்லு போயிருந்தால் பாதகமில்லை. நடுவில் கீறலோ, துடைத்தும் போகாத பால்வெண் படலமோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பதில் 1:
துடைக்கும்போது ஆல்கஹால் மரத்தில் படக் கூடாது, பழைய மெருகு கரைந்துவிடும். வில்லையைக் கழற்றி வைத்து, ஒரு துளி சோப்பு கலந்த நீரில் நனைத்த பஞ்சே போதும்.