நல்ல தண்ணி கொடுத்து, சுத்திகரித்த தண்ணி வாங்குற ஒப்பந்தம்: எதைக் கவனிக்கணும்?

கேள்வி:
பக்கத்து நகராட்சி எங்க பாசனச் சங்கத்துக்கிட்ட தினம் 10,000 கன மீட்டர் கேட்குது. பதிலுக்கு அதே அளவு சுத்திகரித்த கழிவுநீர் தர்றாங்களாம். இல்லேன்னா அவங்க செலவுல சொட்டுநீர் போட்டு, மிச்சமாகுறதை எடுத்துக்கிறோம்ங்கிறாங்க. எது தேவலை?

பதில் 1:
சொட்டுநீர்க் கணக்குல உஷாரா இருங்க. வாய்க்கால்ல விட்டதுல பயிர் குடிச்சது போக ஒரு பங்கு மண்ணுக்குள்ள இறங்கி, கீழ்ப்பக்கத்துக் கிணறுகளுக்குத்தான் ஊறுது. அதையும் "மிச்சம்"னு நகரம் எடுத்துட்டா கடைமடைக் கிணறு வத்தும். பயிர் உறிஞ்சுற அளவை வெச்சுப் பேசுங்க: தினம் 5 மி.மீ.ன்னா ஹெக்டேருக்கு 50 கன மீட்டர். அவங்க கேட்கறது 200 ஹெக்டேரோட முழுத் தேவை!

நகரம் தண்ணி எடுக்கிற குழாய்ல மின்காந்த மீட்டர் (ஓடுற தண்ணியை அளக்கிற கருவி) வைங்க. அதுக்கு முன்னாடி குழாய் விட்டத்தைப் போல அஞ்சு மடங்கு நீளத்துக்கு வளைவோ வால்வோ இருக்கக் கூடாது. இருந்தா அளவு தப்பாக் காட்டும்.

பதில் 2:
மாற்று நீரில் முதல் வம்பு உப்பு. வழக்கமான சுத்திகரிப்பு அதை எடுக்காது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை கவலையில்லை; 3-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் பயிர்தான் போட முடியும். சோடியம் கூடினால் களிமண் இறுகிப்போகும். பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 1989 வரம்பு, 100 மி.லி.க்கு 1,000 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா). மாதிரியை நிலைய வாசலில் எடுக்காமல் வயல் மடையில் எடுக்கச் சொல்லுங்கள். தரம் தவறினால் நகராட்சிக்குப் போகும் நல்ல தண்ணீர் அன்றே நிற்கும் என்று எழுதுங்கள். அபராதம் மட்டும் போட்டால் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பதில் 3:
மூணாவது வழியும் இருக்கு: சுழற்சியா தரிசு போடுறது. கலிஃபோர்னியாவுல பாலோ வெர்டே பாசன மாவட்டம் 2005-லேர்ந்து 35 வருஷத்துக்கு இப்படித்தான் நகரங்களுக்குத் தண்ணி விடுது. 7 முதல் 28 சதவீத நிலம் வரைக்கும் தரிசா விடுறாங்க. உரிமையாளருக்குப் பணம் போக, ஊருக்குன்னு 60 லட்சம் டாலர் தனி நிதி. நிலம் சும்மா கிடந்தா முதல்ல அடிபடறது கூலியாளும் குத்தகைக்காரரும்தானே. நிலத்தை மட்டும் வித்துடாதீங்க. அதே மாநிலத்துல ஓவன்ஸ் பள்ளத்தாக்குல நிலத்தோட தண்ணி உரிமையும் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போச்சு. 1913-ல கால்வாய் திறந்தப்புறம் ஏரியே வறண்டு புழுதிக்காடாச்சு.

பதில் 2 (மீண்டும்):
மழைக்காலத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. அப்போது வயலுக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டாம். நிலையமோ ஓடிக்கொண்டே இருக்கும். 30 நாள் வரத்து 3 லட்சம் கன மீட்டர். அதைத் தேக்க 3 மீட்டர் ஆழக் குட்டை என்றால் 10 ஹெக்டேர் வேண்டும். அந்த நிலம் யாருடையது என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.